ஐந்து வளைவுகள்

அப்பா முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டினார். டிரைவர்கள் சங்கத்தில் அவர் பெயர் ‘சாவி’. வழியில் யாரையாவது ஏற்றிக்கொள்ள நிறுத்தினால், இன்ஜினை அணைத்து, சாவியை உருவி ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் பிடிப்பார். வந்தவர் ஏறி உட்காரும்வரை கை இறங்காது. “வண்டிய விக்கப் போறியாண்ணே?” என்று கிளீனர்கள் கேலி செய்வார்கள்.

ஓய்வுக்குப் பின், லாரியின் பழைய பின்பலகையில் எனாமலால் ஒரு படம் வரைந்தார். முழுக்கச் சாம்பல். நடுவில் ஒரு மஞ்சள் கோடு, ஐந்து இடங்களில் ஓரத்தை நோக்கி வளைந்து திரும்பும். மரம், வண்டி, ஆள் எதுவும் இல்லை. கேட்டால், சின்ன வயதில் பார்த்த ரோடு, அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் அதே ரோடுதான் வந்தது என்பார். அதைச் சங்கத்தில் மாட்ட வேண்டும். வேறெதற்கும் அவர் ஆசைப்பட்டதில்லை.

நான் சாலைப் பொறியாளர். சாலையில் கோடு போடுவது என் பிரிவு. அந்தக் கோணல் கோட்டை நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சம். அவர் மருத்துவமனையில் இருந்தபோது கோட்டைப் பெயிண்ட் தின்னரால் துடைத்தேன். டேப் ஒட்டி, நேராகப் போட்டேன்.

வீடு திரும்பியவர் வெகுநேரம் பார்த்தார்.

“பழசு அடியில இருக்கா?”

“இல்லப்பா. சுத்தமா எடுத்துட்டேன்.”

“படிச்ச புள்ள,” என்றார். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். சங்கத்தின் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. பதினோராம் நாள் இறந்தார்.

துக்கத்துக்கு வந்த அத்தை, அப்பாவின் அக்கா, படத்தை முன்பே பார்த்திருந்தவள், பலகையைத் திருப்பினாள்.

“எங்க அந்த அஞ்சு வளைவு?”

எட்டு வயதில் ஏதோ அடம்பிடித்ததற்காகத் தாத்தா அப்பாவை நடுவழியில் வேனிலிருந்து இறக்கிவிட்டாராம். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்துவாராம். நடுக்கோட்டின் மேல் ஓடிவரும் பிள்ளை ஓரத்துக்குத் திரும்பிக் கதவைத் தொடும்போது வண்டியைக் கிளப்பிவிடுவாராம்.

“அஞ்சு தடவை. நான் பின்சீட்டுல உக்காந்து சிரிச்சேன்.”

மறுபடி வரைய, படத்தில் எந்தெந்த இடத்தில், எவ்வளவு வளைவு என்று கேட்டேன். அத்தைக்கு நினைவில்லை.

எந்த வேலையையும் தொடங்குமுன் இருப்பதை அளந்து குறிக்க வேண்டும். என் தொழிலில் அதுதான் முதல் பாடம். நான் அளக்கவில்லை.