நூறு சதவீதத்துக்கு ஒரு பிள்ளை

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறவிட்டு எழுதினால் நாகரிகமாக எழுதிவிடுவேன். அது எனக்கு வேண்டாம்.

பெரம்பலூரில் கன்னியர்கள் நடத்தும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த புதிதில், நன்னெறி வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். மற்றவர்களுக்கு அது சுமை, எனக்குக் கொண்டாட்டம். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த நானும் இப்படியொரு பள்ளியில் படித்தவள்தான். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு ஓர் அறைக்குப் போவார்கள். நாங்கள் நன்னெறிக்கு இன்னோர் அறைக்கு. எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று அப்போதே தோன்றும்.

தலைமையாசிரியையான சிஸ்டரிடம் கேட்டேவிட்டேன். சிரித்தார். "புதுசா வந்தவங்கதான் இப்படியெல்லாம் கேப்பீங்க. சரி, ஒன்பதாவதுல மட்டும் செஞ்சு பாருங்க. பாடத்திட்டத்துக்கு முன்னுரையும் நீங்களே எழுதிடுங்க."

ஒரே மூச்சில் எழுதினேன். பிள்ளையை மதிப்பெண்ணாகப் பார்க்காமல் முழு மனிதராகப் பார்ப்பது, கடைசியில் நிற்பவரை முதலில் கவனிப்பது, அறிவு இரக்கத்தை விட்டு விலகாமல் இருப்பது. கிறித்தவக் கல்வி என்றால் இதுதான் என்று நம்பி எழுதினேன். சிஸ்டர் படித்துவிட்டுக் கண்கலங்கினார். பெற்றோர் கூட்டத்தில் வாசித்தும் காட்டினார். அவர் நடித்தார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. என் கோபத்தில் பாதி அதனால்தான்.

ஒன்பதாவதில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் இருந்தாள். அவள் 'அத்தா' என்று சொல்லும் அப்பா துபாயில் வேலை செய்கிறார். மற்ற ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையை நான் சொன்ன அன்று, அவள் எழுந்து, "மிஸ், அது ஏன் போச்சுன்னு அதுக்கிட்ட யாருமே கேக்கலையே?" என்றாள்.

"உன்ன மாதிரி கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஓடிருக்கும்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. கேள்வி கேட்டவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

கணக்கு அவளுக்கு வரவில்லை, உண்மைதான். கணக்கு ஆசிரியர் இடம் அரையாண்டுத் தேர்வுவரை காலியாகக் கிடந்ததும் உண்மைதான். அதை மட்டும் யாரும் பேசவில்லை.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். மேசையில் வெள்ளைத்தாள், பேனா.

"டி.சி. கேட்டு அம்மா ஒரு விண்ணப்பம் குடுக்கணும். அவங்களுக்குக் கோர்வையா எழுத வராதாம். நீங்க எழுதிக் குடுங்க மிஸ், கையெழுத்து மட்டும் போடுவாங்க. குடும்பத்தோட ஊர் மாறுறதாப் போட்டுருங்க."

பள்ளி தானாக அவளை அனுப்ப முடியாது. பெற்றோர் கேட்டதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"நாங்க எங்கயும் போகலைங்களே சிஸ்டர்" என்றார் அந்த அம்மா.

"அது சும்மா ஒரு காரணத்துக்கும்மா. அடுத்த வருசம் பொதுத்தேர்வு. இவ ஒருத்தியால நூறு சதவீதம் போயிடும். அரியலூர்ப் பக்கம் எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்கு."

"சிஸ்டர், முன்னுரையில நாம எழுதினது?" என்றேன்.

"அது நன்னெறி மிஸ். இது நிர்வாகம்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! "நான் எழுத மாட்டேன்" என்றேன். அம்மாவின் பக்கம் திரும்பினேன். "நீங்க கேக்காம இவங்களால அனுப்ப முடியாதுங்க. கையெழுத்துப் போடாதீங்க."

அவர் பேனாவைத் தள்ளிவைத்தார். "அப்ப நான் போடல. கிறிஸ்டியன் ஸ்கூலு, நல்ல ஒழுக்கம் சொல்லிக் குடுக்குறாங்கன்னு இவ அத்தா அங்க ரூமு பூரா பெருமையடிச்சுக்கிட்டுக் கெடக்குறாரு. அவருக்கு நான் என்னத்தச் சொல்ல, அல்லாவே!"

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. வெளியே நின்ற பெண்ணை உள்ளே அழைத்து, தோளில் கைவைத்து, மென்மையாகக் கேட்டார். "நீயே சொல்லும்மா. நீ ஃபெயிலானா உன்கூடப் படிச்சவங்க, உனக்காகப் பேசுற இந்த மிஸ்ஸு, எல்லாருக்கும் தலைகுனிவு. பரவாயில்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "வாங்கிட்டுப் போயிரலாம்மா" என்றாள்.

"ஏன்டி?"

"என்னால மிஸ்ஸுக்குக் கெட்ட பேரு வேணாம்."

அடுத்தவருக்காக யோசி என்று வருடம் முழுக்கச் சொன்னவள் நான். அதையே கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போட்டார்கள். பாடத்திட்டம் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அது வேலை செய்தது. அவளிடம் மட்டும் வேலை செய்தது.

விண்ணப்பத்தை கிளார்க் எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போன முதல் நாள், அன்றைக்குக் கேலி செய்தாளே, அவள் கேட்டாள். "மிஸ், அவங்க ஊர் மாறிட்டாங்களாமே?"

"மாறல. ரிசல்ட் குறையும்னு நாமதான் அனுப்பிட்டோம்."

அவள் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"எனக்கு சயின்ஸ் வராது மிஸ். அப்ப அடுத்து நானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்ல அந்தப் பள்ளியில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.