சிவப்பு அணியும் நான்காவது மாடி ஜன்னலும்

அன்றைக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: தறியில் நான், சுவரோரம் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், முறத்தில் கீரையோடு பக்கத்து வீட்டிலிருந்து வந்த என் நாத்தனார். வேறு யாரும் இல்லை. என் மகள் ரஷ்யாவில் இருந்தாள். வோல்கா ஆற்றங்கரையில் ஒரு ஊரில் டாக்டருக்குப் படிக்கிறாள். அந்த ஊர் கால்பந்து அணிக்கு அன்று அந்த வருடத்துப் போட்டித் தொடரின் கடைசி ஆட்டம். தோற்றால் பெரிய அணிகளின் வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு இறக்கிவிடுவார்கள்.

எனக்கும் அன்றோடு ஒரு கெடு முடிந்தது. அவளை அனுப்பும்போதே சொல்லியிருந்தேன்: "ஒரு வருஷப் படிப்பு முடியிற வரைக்கும் பாப்பேன் பாப்பா. அதுக்குள்ள என் பயம் போவலன்னா மூட்டை கட்டிகினு வந்துடணும். ரெண்டாவது வருஷத்துக்கு பணம் கட்ட மாட்டேன்." சண்டையில் இருக்கிற நாடு அது. அவளும் சரி என்று தலையாட்டித்தான் போனாள்.

எனக்குப் பயப்படுவதற்குக் காரணம் வேண்டியதில்லை. வீட்டுக்காரர் ஆற்காடு வரை போய் பஸ் கொஞ்சம் தாமதமானால், நான் மனதுக்குள் ஆஸ்பத்திரி வரை போய் வந்துவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உலகப்படத்தில் ரஷ்யா எங்கே என்று கேட்டால், மேலே பெரிதாக இருப்பது என்பேன். அவ்வளவுதான் தெரியும். அப்படிப்பட்டவள் ஒரு வருடம் முழுக்க ரஷ்யக் கால்பந்து பார்த்தது ஒரு ஜன்னலுக்காக.

அவள் போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம் போனில் ஒரு லிங்க் அனுப்பினாள். தொட்டால் பச்சையாக மைதானம் விரிந்தது. "ம்மா, இது எங்க ஹாஸ்டலுக்கு எதிர்ல இருக்குற கிரவுண்டு. லைவ்ல ஓடுது. சிவப்பு சட்டைதான் நம்ம டீம். அவங்க கோல் போடப் போற பக்கத்துல, கோலுக்குப் பின்னாடி ஒரு மஞ்ச பில்டிங் தெரியுதா? நாலாவது மாடி, ஓரத்துலேர்ந்து மூணாவது ஜன்னல். அதான் என் ரூம்."

தெரிந்தது. பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேமராவும் கூடவே போகும். அப்போது பார்வையாளர்களின் தலைக்கு மேலே, இருட்டத் தொடங்கிய வானத்தில், ஜரிகையில் ஒரு புள்ளி மாதிரி அவளுடைய ஜன்னல் வந்து போகும். பந்து திரும்பிவிட்டால் அதுவும் போய்விடும். சிவப்புச் சட்டைக்காரர்கள் முன்னேற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது கோலுக்காக இல்லை.

அதிலிருந்து ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளெல்லாம், நூல் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நெய்தேன். கை ஊடை நூல் சுற்றிய நாடாவை எறியும், கால் மிதிக்கும். புரியாத பாஷையில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். அவர் குரலும் தறிச் சத்தமும் ஒன்றாகிவிடும். பச்சைத் தரை மேல் சிவப்பு ஓடுவதும் சேலை மேல் என் நூல் ஓடுவதும் ஒரே வேலை என்று தோன்றும். சில நேரம் எங்கள் ஆரணித் தெருவில் பனி பெய்கிறது என்றே நினைத்துவிடுவேன். நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒரு கவலை விட்டபாடில்லை. ஆட்டத்தின் முன்பாதியில் எரியும் விளக்கு, பின்பாதியில் எப்போதும் அணைந்தே கிடக்கும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"இன்னாடி, ஏழு மணிக்கே லைட்ட அணைச்சிட்டு படுத்துக்கிறியா? ஒடம்புக்கு இன்னா?"

"இல்லியேம்மா. லைட்டு எரிஞ்சிகினுதான் இருக்கும்."

"பொய் சொல்லாத. பாதி ஆட்டத்துக்கு மேல நான் பாத்துகினுதானே இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ம்மா! பாதி ஆட்டத்துல ரெண்டு டீமும் பக்கம் மாத்திக்குவாங்கம்மா!"

எனக்கு எப்படித் தெரியும்? தறியில் வலது கரை என்றால் சேலை முடிகிற வரைக்கும் அது வலதுதான். பாதிச் சேலையில் கரை இடம் மாறினால் முதலாளி சேலையைத் திருப்பி முகத்தில் எறிவார். சிவப்பு போகிற திசைதான் என் மகள் இருக்கிற திசை என்று, எதிர்ப் பக்கத்தில் இருந்த வேறொரு மஞ்சள் கட்டடத்தில் நான்காவது மாடி மூன்றாவது ஜன்னலை அத்தனை நாளும் கண்காணித்திருக்கிறேன்.

நாத்தனாருக்கு இது போதும். "அண்ணி, யார் வூட்டு ஜன்னலையோ வாரா வாரம் எட்டிப் பாத்துகினு இருந்திருக்கீங்க. போலீசுக்குப் போவப் போறாங்க." தெருவில் ஒரு வாரம் அதே பேச்சு. ஆனாலும் அந்த இருட்டு ஜன்னலை என்னால் விட முடியவில்லை. அங்கே யார் இருந்தார்கள், ஏன் விளக்கு இல்லை என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

நாட்டு அணி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்ததே அது என் ஜன்னலைப் பறித்தபோதுதான். அந்த அணி ஆடும் நாட்களில் ஊர் அணிகளுக்கெல்லாம் லீவு. சண்டை தொடங்கியதிலிருந்து பெரிய போட்டி எதிலும் அவர்களைச் சேர்ப்பதில்லை. கூப்பிட்டால் வருகிற நாடுகளோடு சும்மா ஒரு சிநேக ஆட்டம் ஆடுவார்கள் என்று மகள் சொன்னாள். ஒன்றைப் பார்த்தேன். வேறு ஏதோ ஊர், பிரமாண்டமான மைதானம். கோல் மேல் கோல் போட்டார்கள். ஜெயித்து எங்கேயும் போகப் போவதில்லை. ஆனாலும் நாட்டுப் பாட்டு பாடும்போது ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"ஊரே தள்ளி வெச்ச வூட்டுல கல்யாணம் நடக்குற மாதிரி கீது," என்றார் வீட்டுக்காரர். "வந்தவங்களுக்கு மட்டும் நல்லா சோறு போடறாங்க."

"எனக்கு அதெல்லாம் வாணாங்க. இவங்க ஜல்தியா ஆடி முடிச்சா, அடுத்த வாரம் நான் என் ஜன்னலப் பாப்பேன்."

டிசம்பரில் ஒரு ஆட்டம் முழுக்கப் பனியிலேயே நடந்தது. பந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பாலில் கரைந்த மஞ்சள் மாதிரி இருந்தது. அதற்கடுத்த வாரம் லிங்கைத் தொட்டால் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. சண்டை முற்றி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்று பதறி மகளுக்குப் போன் போட்டேன். குளிரில் தரை கல்லாகிவிடும், மார்ச் வரைக்கும் ஆட்டம் கிடையாது என்று மகள் விளக்கியும் நம்பவில்லை. பயத்தை மறைக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"மழக் காலத்துல நாம தறிக்கு ஏத்துற பாவு நூல தெருவுல நீட்டிக் கட்டுறமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "நனைஞ்சிடும்னு சுருட்டி உள்ள வெச்சிகினு ஒக்காந்திருக்கோம்ல? அப்போ ஆரணியில சண்டையா நடக்குது?"

அது எனக்குப் புரிந்தது. அந்த மூன்று மாதமும், சுருட்டி வைத்த பாவு மாதிரி அந்த ஊர் எங்கேயோ உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நெய்தேன். கண் அசந்தால் வெள்ளை மைதானத்தின் இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரைக்கும் யாரோ பட்டு இழைகளை நீட்டிக் கட்டியிருப்பார்கள். நான் வெறுங்காலோடு அதன் ஓரமாக நடந்து போவேன். குளிரவே குளிராது.

மார்ச்சில் ஆட்டம் திரும்பியது. முதல் ஆட்டத்திலேயே பின்பாதியில் ஒரு அதிசயம். எதிர்ப் பக்கத்து இருட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நாத்தனாரைக் கத்திக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவள், "யாரோ வாடகைக்கு வந்திருப்பாங்க அண்ணி," என்று போய்விட்டாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

ஆனால் ஊர் அணி தோற்றுக்கொண்டே வந்தது. ஏப்ரலில் ஒரு முறை சண்டையைக் காரணம் காட்டி அந்த ஊரில் செல்போன் இன்டர்நெட்டையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் மகளிடமிருந்து பேச்சில்லை. திரும்பி வரச் சொல்லிவிடுவது என்று அப்போது கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் நல்ல வெயிலில் நடந்தது. மஞ்சள் கட்டடத்தில் அவள் ஜன்னல் திறந்திருந்தது. முன்பாதியில் ஒரு கோல் போட்டோம். பின்பாதியில் எதிரணி ஒன்று போட்டது. முடியப் போகிற நேரத்தில் அவர்களே இன்னொன்று. சிவப்புச் சட்டைகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. இனி இந்த லிங்கில் இந்த மைதானம் வராது; கீழ் வரிசை ஆட்டங்களை இவர்கள் காட்டுவதில்லை என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு அந்த ஜன்னல் அன்றோடு முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. தொண்டை கட்டிப்போன குரல்.

"இன்னா பாப்பா, சளியா?"

"கத்துனேன்மா. கிரவுண்டுல."

"கிரவுண்டுலயா? நீ ரூம்ல இல்லியா?"

"எந்த மேட்ச்சுக்குமா நான் ரூம்ல இருந்தேன்? ஹாஸ்டலே காலியாயிடும். நீ பாப்பியேன்னு லைட்ட போட்டு வெச்சிட்டு போவேன்." அப்புறம் அழ ஆரம்பித்தாள். "எறங்கிட்டோம்மா. எங்க டீமு எறங்கிடிச்சி."

எங்க டீமு என்றாள். அங்கே போய்ச் சேர்ந்த நாளில்கூட அவள் இப்படி அழவில்லை. ஆளில்லாத அறையைக் காவல் காத்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்க, அவள் கீழே அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உடு பாப்பா, அடுத்த வருஷம் மேல ஏறிடுவாங்க," என்றேன். யாருக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

போனை வைத்ததும் நாத்தனார், "பொண்ணு கட்சி மாறிட்டா அண்ணி," என்றாள். வீட்டுக்காரர் நூலிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னா சொல்ற? வந்துடச் சொல்லிடலாமா?"

"லீவுக்கு வரட்டும். திரும்பிப் போறதுக்கும் சேத்தே டிக்கெட்டு போடச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் பட்டு முதலாளி வீட்டுக்குப் போய் முன்பணம் கேட்டேன். "அங்க சண்டை நடக்குதாமேம்மா, பயமா இல்லியா?" என்றார்.

"பயமாத்தாங்க கீது," என்றேன். எண்ணிக் கொடுத்தார். இரண்டாம் வருடத்துக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இதுவரை நெய்து கொடுத்த சேலைகளின் கூலியைக் கழித்தது போக, அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.