மலரின் ஈரலில் இருந்த இரும்பு

பதினைந்து நாளைக்கு ஒரு முறை என் மகள் மலரின் கையிலிருந்து ஒரு பை ரத்தத்தை எடுத்து, இந்த இத்தாலிக்காரர்கள் வெளியே கொட்டுகிறார்கள். குழந்தைகளே, வந்து மூன்று வருடமாகியும் எனக்குப் பழகாதது இதுதான். முதல் தடவை நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, வேணாம்மா" என்றேன். ஊசியைப் பார்த்து எனக்குத்தான் மயக்கம் வருகிறது என்று நினைத்து, உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

திருவண்ணாமலையில் நாங்கள் ரத்தத்துக்கு அலைந்தவர்கள். மலருக்குத் தலசீமியா. அவள் உடம்பில் ஊறும் ரத்தம் சீக்கிரமே அழிந்துவிடும்; மாதாமாதம் பிறருடையதை ஏற்ற வேண்டும். அடி அண்ணாமலைப் பூக்காரர் கொடுத்தார். பஸ் கண்டக்டர் ஒருவர் கொடுத்தார். பாத்திரக்கடை ரஹீம் பாய், "எப்ப வேணும்னு மட்டும் சொல்லுப்பா. நோன்புன்னா சாயங்காலம் வந்துடறேன்" என்பார். நானும் சும்மா இருக்கவில்லை. ரத்தம் கம்மியென்றால் இரும்புச்சத்து வேண்டும். எட்டாவது படித்த எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாரையும் கேட்காமல் டானிக் வாங்கி, தினமும் ஊட்டினேன்.

ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்தேன். அங்கே வந்து தங்கிய லூசியா அம்மாதான், தன் நாட்டில் இந்த நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்கள் என்று எங்களை இங்கே வரவழைத்தார். மூத்தவன் குமரனின் மஜ்ஜை தங்கைக்குப் பொருந்தியது. இனிக் கவலையில்லை என்றிருந்தேன். டாக்டரோ மலரின் ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார். பொருத்தம் மட்டும் போதாதாம். வயது, ஈரலின் நிலை, அதில் படிந்த இரும்பு எல்லாமாகத்தான் பிள்ளை பிழைப்பதைத் தீர்மானிக்குமாம். லூசியா அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இரும்பு மருந்து குடுத்தது?"

"தவறாம குடுத்தேம்மா. ஒரு நாள் கூட விடல."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் மொழிபெயர்த்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஏற்றிய ரத்தத்தின் இரும்பே போக வழியின்றி ஈரலில் தங்கிவிடுமாம். அதன் மேல்தான் நான் டானிக்கை ஊற்றியிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்து, அப்பா பாட்டிலோடு வந்தால், டாக்டரைக் கேட்டாயா என்று கேளுங்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

மஜ்ஜை ஏற்றியபின் மலர் கண்ணாடி அறையில் கிடந்தாள். மலையைச் சுற்றிய கால் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கண்ணைப் பார்ப்பேன். ஒரு நாள் மஞ்சளானது. பல நாள் கழித்துத்தான் வெளுத்தது.

பிழைத்துவிட்டாள். இப்போது அவள் உடம்பில் ஊறுவது அண்ணனின் ரத்தம். அதை எடுக்க எடுக்க, புதிதாக ஊறுவது ஈரலின் இரும்பை இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் கொட்டுகிறார்கள். குமரன் படிப்புக்காக என் மனைவியோடு ஊர் திரும்பிவிட்டான். போனில் மலர், "உன் ரத்தத்தக் கொட்டறாங்கண்ணா" என்றாள்.

"ஜாஸ்தியா இருந்தா பார்சல் அனுப்பு, எருமை."

நேற்றும் பை நிறைந்தது. ரத்தம் குமரனுடையது. அதிலிருக்கும் இரும்பு பூக்காரருடையது, கண்டக்டருடையது, பாயுடையது, கொஞ்சம் என்னுடையது. எல்லாம் வெளியேறினால் ஊருக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். எங்கள் ஊர் அவள் ஈரலை விட்டுப் போனபிறகுதான் நாங்கள் ஊருக்குப் போக முடியும். நர்ஸ் பையைக் கொண்டுபோகுமுன் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையை வைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.