சக்கரக் கதிரைக்காரர்

காலை எட்டு நாற்பதுக்கு, விமான நிலையத்தில், என் வாயால்தான் எல்லாம் பிழையாகத் தொடங்கியது. காது கேளாத என் மகள் தனியாகக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகிறாள். மறுநாள் வேலையில் சேராவிட்டால் இடம் போய்விடும். உதவி தேவை என்று பயணச்சீட்டில் பதிந்திருந்தோம். வந்தது சக்கரக் கதிரை.

அதைத் தள்ளி வந்தவர் மெலிந்த, நரைத்த மீசைக்காரர். யாரோடும் முன்னால் குந்தியிருந்து, முகம் பார்த்தே பேசினார். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மகள் அவர் உதடுகளைப் படித்துச் சிரித்தாள்.

“இவளுக்குக் காதுதான் கேக்காது. கால் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“தெரியும் அக்கா. இதில இருந்தாத்தான் விமானம் வரைக்கும் என்னை இவளோட போக விடுவாங்க. கொஞ்சம் நொண்டச் சொல்லுங்களன்.”

எனக்கு ரோசம் வந்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மகள் தனியே உள்ளே போனாள்.

பத்தரைக்கு அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “அம்மா, இங்க ஒருத்தரும் இல்ல.” விமானம் ஏறும் வாசலை மாற்றியதை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்திருக்கிறார்கள். காவலர்கள் என்னை உள்ளே விடவில்லை.

கடைசியில், விமானம் போன பிறகு, மகளை வெளியே கூட்டி வந்தவர் அந்தக் கதிரைக்காரர்தான். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

“பேரைச் சொல்லி நாலு தரம் கூப்பிட்டவங்களாம், அக்கா.”