மூன்றாம் தட்டில் ஒரு சாப்பாட்டு மேசை

அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவளுக்குக் கொம்பக்கா என்று பெயர். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கொம்புகளால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

கூரையைத் தொடும் ரேக்குகளுக்கு நடுவிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். கனமானது கீழே, லேசானது மேலே, முகவரி இல்லாத பொருள் குப்பை. வீட்டிலும் இதே சட்டம்தான். கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினால், "பி வரிசை, ரெண்டாவது தட்டு" என்பாள். தையற்காரரான அந்த மனிதர் போய் எடுத்துக்கொள்வார். வேறென்ன செய்வார், பாவம்!

முதலாளிக்குக் காலி இடத்தைக் கண்டால் கண் உறுத்தும். கடைசியில் தொழிலாளர்கள் சாப்பிடும் அறையிலும் ரேக்கை நிறுத்தித் தரையில் போல்ட்டை முடுக்கச் சொல்லிவிட்டார். "அந்தப் பழைய மேசையைத் தூக்கிப் போடுங்க. அவங்கவங்க நின்ன இடத்துல சாப்பிடட்டும்" என்றார். கொம்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது கிழியக் கத்தும் வண்டிகளை விட்டுவிட்டு நாலு பேர் முகம் பார்த்துச் சிரிக்க, அந்த ஒரு மேசைதான் இருந்தது.

மேசையையும் நாற்காலிகளையும் பேலட் பலகையில் ஏற்றி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ரேக்கின் மூன்றாம் தட்டில் வைத்துவிட்டாள். முகவரி வேண்டுமே! சரக்குக் கணக்கு பார்க்கும் குமாஸ்தாவை நச்சரித்துக் கம்ப்யூட்டரிலும் ஏற்றவைத்தாள்: மேசை ஒன்று, நாற்காலி ஆறு. மதியம் இறக்குவாள், ரேக் சந்தில் எல்லோரும் சாப்பிடுவார்கள், மறுபடி ஏற்றிவிடுவாள். முதலாளியிடம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலையில் குமாஸ்தா முகம் வெளிறி ஓடிவந்தார்.

"அக்கா, மேசைக்கு ஆர்டர் வந்திருக்கு."

"யாருகிட்டேருந்து?"

"முதலாளிதான். கம்ப்யூட்டர்ல பார்த்திருக்காரு, அவர் ரூமுக்கு வேணுமாம். நம்மகிட்டயே இருக்கும்போது வெளியில ஏன் வாங்கணும்னு கேக்கறாரு."

உண்மையைச் சொன்னால் குமாஸ்தாவின் வேலைக்கு வேட்டு. சொல்லாவிட்டால் மேசை போயே போயிற்று. கொம்பக்கா சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் குமாஸ்தா இரண்டடி பின்வாங்கினார்.

"ஆர்டர்னா அனுப்பித்தானே ஆகணும்" என்றாள்.

மேசையையும் ஆறு நாற்காலிகளையும் பளபளவென்று துடைத்து முதலாளி அறையில் போட்டாள். மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே சுமை ஏற்றுகிறவர்கள் மூன்று பேர். கடைசியாக, கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு குமாஸ்தா.

"என்ன இதெல்லாம்?" என்றார் முதலாளி.

"இது எங்க சாப்பாட்டு மேசைங்கய்யா. கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னது நான்தான், குமாஸ்தாவைத் திட்டாதீங்க." ஆறாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. தினமும் தனியாத்தானே சாப்பிடறீங்க?"

திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் ஒருவர் தன் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி பொரியலை அவர் தட்டில் வைத்துவிட்டார். வைத்த பிறகு எப்படித் திட்டுவது? உட்கார்ந்தார்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். இந்தச் சிரிப்புச் சத்தத்தில் முதலாளியால் ஒரு போன் பேச முடியவில்லை. வாரக் கடைசியில், அதே மேசையில் சாப்பிடும்போது, பிடிவாதத்தை விட்டு இறங்கிவந்தார்.

"பழைய ரூம்ல ரேக்கைக் கழட்டச் சொல்லிட்டேன்மா. மேசையை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

"எதுக்குங்கய்யா வீண் செலவு?" என்றாள் கொம்பக்கா, தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தியபடி. "இங்க ஏசி நல்லா இருக்கே."