சித்தி சரியாகச் சொன்னது

சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் என் சித்தப்பா பிட்டராக இருந்தார். அங்கே வேலைக்கு வந்த ஒடிசாப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்து, பெரியநாயக்கன்பாளையத்துக்கு அருகில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் யாரும் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

சித்தி வேகமாகக் கற்றுக்கொண்டார். ஒன்றுதான் பிடிபடவில்லை. அவர் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தமிழிலும் எல்லோரையும் ‘அது’ ஆக்கிவிடுவார். மாமனாரை, நான் அப்பாரு என்று கூப்பிடும் தாத்தாவைப் பற்றியே, “மாமா வந்துச்சு, சோறு தின்னுச்சு” என்பார். அப்பாரு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“மாடு, நாய், நாற்காலி எல்லாம் அதுங்க சித்தி. பொம்பளப்புள்ளைன்னா அவ” என்று நான் கைகாட்டிக் காட்டிச் சொல்வேன். சித்தி சிரித்தபடி தலையாட்டுவார். அடுத்த பேச்சிலேயே நானும் ‘அது’ ஆகிவிடுவேன்.

சித்தி முழுகாமல் இருந்தபோது வீடு கொஞ்சம் இளகியது. அப்பாருவே இளநீர் சீவிக் கொடுத்தார். ஆனால் குறைமாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பகல் இருந்தாள். பிறகு இல்லை.

சித்தி வீடு திரும்பியதும் துக்கம் கேட்க அத்தை வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“அது நமக்குக் குடுத்து வெக்கல அம்மணி. அது பொழச்சிருந்தாலும் சீக்காளியாத்தான் இருந்திருக்கும். நீ உன் ஒடம்பத் தேத்து” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அதுவரை அழாமல் இருந்த சித்தி நிமிர்ந்தார்.

“அது இல்லீங்க. அவ.”

“என்ன கண்ணு?” அத்தைக்குப் புரியவில்லை.

“அவ பொறந்தா. அவ கண்ணத் தொறந்தா. அவ செத்தா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓரிடத்திலும் பிழையில்லை. கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே ஓடினேன்.

“சித்தப்பா, சித்தி சரியாச் சொல்லிப்போட்டாங்க! பாப்பாவ ‘அது’ன்னு சொல்லல!”

“என்ன சொன்னா?”

மூன்றையும் சொன்னேன். சித்தப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“இன்னொருக்காச் சொல்லு கண்ணு.”

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். மோட்டார்ச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்கக் கத்தினேன்.