இரண்டாம் முறை வருபவர்களின் பாரிஸ்

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பாரிஸுக்கு டிக்கெட் போட்டால், அடுத்த போன் என் கணவருக்குத்தான் வரும். அலுவலக வேலையாக நான்கு முறை போய் வந்தவர் என்பதால் அப்படி ஒரு மரியாதை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில் தட்டைக் கையில் ஏந்தியபடி, சாம்பார் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார்.

"ஈஃபில் டவரா? அதெல்லாம் ஃபர்ஸ்ட் டைம் போறவங்களுக்கு. நீங்க செகண்ட் டைம்தானே? நான் சொல்ற இடத்துக்குப் போங்க."

டவர் என்று சொல்லும்போது மட்டும் உதட்டை ஒரு மாதிரி சுழித்துக்கொள்வார். மைக்ரோவேவில் சுட வைத்த காபியை யாராவது நீட்டினால்கூட அதே சுழிப்புதான்.

போன வசந்தத்தில் டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டிலிருந்து அவருடைய அக்கா கூப்பிட்டார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவரும், அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவரும் ஏற்கெனவே ஒருமுறை பாரிஸ் போனவர்கள். ஒரே வாரத்தில் பல நாடுகளைக் காட்டும் பஸ் டூரில், கண்ணை மூடித் திறப்பதற்குள் பார்த்துவிட்டு வந்தவர்கள். இந்த முறை நிதானமாகப் பார்க்க வேண்டுமாம். "நீங்களும் வாங்களேன். உன் ஆளுதான் பாரிஸ் பைத்தியமாச்சே" என்றார் என்னிடம். மகனைக் கோடைக் கேம்ப்பில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். எனக்கு அது முதல் முறை. ஆனால் நால்வரில் மூன்று பேர் பழகியவர்கள் என்பதால் என் ஓட்டு செல்லவில்லை.

முதல் நாள் ஒரு கால்வாய். படகு உள்ளே வந்ததும் முன்னும் பின்னும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பி, படகை மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடும் இடம் அது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நின்றோம். இன்னும் நின்றோம். "இது முடியற வரைக்கும் பாக்கணுமா?" என்று அண்ணி என் காதில் கேட்டார். என் கணவர் பரவசமாகத் திரும்பி, "எவ்ளோ அமைதியா இருக்கு பாருக்கா!" என்றார். அண்ணி கைப்பையைத் திறந்து எனக்குக் கொறிக்கத் தட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை எங்களை எங்கே அழைத்துப்போகிறார் என்று சொல்லவே இல்லை. படியிறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது சாக்கடை. பாரிஸின் நிலத்தடிச் சாக்கடையைச் சுத்தமாகத் துடைத்து மியூசியம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். நாற்றத்தை மட்டும் முழுதாகத் துடைக்க முடியவில்லை.

"டேய்! ஹூஸ்டன்லேர்ந்து பத்து மணி நேரம் பறந்து வந்து சாக்கடை பாக்கணுமாடா?"

"அக்கா, இது ஒரு எஞ்சினியரிங் மார்வெல்!"

அண்ணன் பக்கம் திரும்பி ஆதரவு தேடிய அண்ணிக்கு அங்கே இன்னொரு ஏமாற்றம். அவர் ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனியில் பைப்லைன் எஞ்சினியர். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவர் ஒரு ராட்சதக் குழாயின் முன் நின்று, "சரிவைப் பாரேன், பம்ப்பே இல்லாம ஓடுது" என்று குழந்தைபோலச் சொன்னார். அண்ணி புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாள் இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்றார். அவர் காதில் அது விழவில்லை. மேலே வருவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

அதற்கடுத்த நாள், நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், ஆற்றங்கரையில் ஒரு கல்லறைத் தோட்டம். நாய்களுக்கும் பூனைகளுக்குமானது.

வாசலிலேயே அண்ணி நின்றுவிட்டார். "இதுக்கு நான் வரலை. எங்க வீட்டுச் சனியன் போதாதா?"

அந்தச் சனியன் யாரென்று சொல்ல வேண்டும். அவர்கள் மகள் ஹைஸ்கூல் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய நாய். மகள் ஆஸ்டினில் காலேஜுக்குப் போய்விட, நாய் அண்ணியின் தலையில் விழுந்தது. சோபாவைக் கடிக்கிறது, பூஜை அறைக்குள் வருகிறது, மழையில் வாக்கிங் கேட்கிறது என்று வாராவாரம் போனில் எனக்குப் புகார்ப் பட்டியல் வரும். நாங்கள் பாரிஸில் இருந்தபோது அதை நாய்கள் காப்பகம் ஒன்றில் விட்டிருந்தார்கள்.

ஒருவழியாக உள்ளே வந்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கல்லறைகள். மேலே டென்னிஸ் பந்துகள், பீங்கான் பூக்கள், கண்ணாடி போட்ட போட்டோக்கள். நானும் அண்ணனும் முன்னால் நடந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அண்ணி ஒரு கல்லின் முன் நின்றுகொண்டிருந்தார். காது தொங்கிய ஒரு பழுப்பு நாயின் படம் அது. போனில் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கு அண்ணி?"

"'நீ இல்லாம வீடு ரொம்பப் பெருசா இருக்கு'ன்னு போட்டிருக்கு." மூக்கை உறிஞ்சினார். "குளிருது இங்க." ஜூலை மாத வெயில் எங்கள் தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மரத்தின் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. காப்பகத்துக்கு வீடியோ கால் போட்டிருந்தார். "சாப்பிட்டியா கண்ணு? அம்மா சண்டே வந்துடுவேன்டா. அந்த அங்கிள் வாக்கிங் கூட்டிட்டுப் போறாரா?" எங்களைக் கண்டதும் போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு, "டைம் என்னன்னு பாத்தேன்" என்றார். அண்ணன் அடுத்த கல்லறையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவருடைய பத்து வார்த்தைகளில் ஒன்றைக்கூட அதற்குச் செலவழிக்க விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று மாலை நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டுச் சமையலறையில் ரசம் வைத்தேன். எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தோம். அண்ணி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"டவரை அவ்ளோ மட்டமா பேசறியே, நாங்க பஸ் டூர்லயே உச்சி வரைக்கும் ஏறினோம். நீ எது வரைக்கும் போன?"

என் கணவர் ரசத்தைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"போகலை."

"எதுவரைக்கும் போகலை?"

"ஏறவே இல்லைக்கா."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். "நாலு தடவை வந்தீங்களே!"

"ஃபர்ஸ்ட் டைம் போய் லைன்ல நின்னேன். என்னைச் சுத்தி எல்லாரும் ஃபேமிலியா, ஜோடியா இருந்தாங்க. நான் தனியா நிக்கறதைப் பாத்து எல்லாரும் போனை என் கைல குடுத்து போட்டோ எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு மூணு ஃபேமிலிக்கு எடுத்துக் குடுத்தேன். அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. லைனை விட்டு வெளிய வந்து, கால் போன போக்குல நடந்தேன். அந்தக் கால்வாய்ல தனியா ஒருத்தன் நின்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. சாக்கடைலயும் அப்படித்தான்."

அந்த நாட்களில் நான் சன்னிவேலில், மகனின் டேகேருக்கும் வீட்டுக்கும் நடுவே கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்று ஒரு கால்வாய் பார்த்தேன் என்று அவர் போனில் சொன்னபோதெல்லாம், மனுஷன் ஜாலியாக ஊர் சுற்றுகிறார் என்று பொருமியிருக்கிறேன்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியக்காரா. இதை முன்னாடியே சொல்லியிருந்தா எனக்குச் சாக்கடை மிச்சமாயிருக்குமேடா!" சொல்லிவிட்டுத் தம்பியின் தட்டில் இன்னும் ஒரு அப்பளம் வைத்தார். அண்ணன் போனை எடுத்தார். "நாளைக்கு ஸ்லாட் இருக்கு. நாலு பேருக்கு புக் பண்ணிட்டேன்."

மறுநாள் நேற்றைய வெயில் போன இடம் தெரியவில்லை. தூறல். புக் பண்ணியிருந்தும் சோதனை வரிசை பாம்புபோல வளைந்து வளைந்து கிடந்தது. வரிசையில் நிற்பதை இத்தனை ரசித்த மனிதரை நான் பார்த்ததில்லை. முன்னால் இருப்பவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். எங்கள் மூவருக்கும் காபி வாங்கி வந்தார். பாட்லக்கில் ஆளாளுக்கு எதையெல்லாம் தவிர்க்கச் சொன்னாரோ, அத்தனையும் வெட்கமே இல்லாமல் செய்தார்; சாவிக்கொத்து டவர்கூட ஒன்று வாங்கினார். லிஃப்ட் மேலே ஏறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே ஒன்றுமே தெரியவில்லை. மேகம் டவரை முழுதாக விழுங்கியிருந்தது. ஆறு இல்லை, கூரைகள் இல்லை. சுண்ணாம்பு அடித்ததுபோல் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை.

"கீழ போலாமாடா? குளிருது" என்றார் அண்ணி. இம்முறை உண்மையாகவே குளிர்ந்தது.

"கொஞ்ச நேரம் இருக்கலாமே அக்கா."

அண்ணி அந்தப் பக்கம் வந்த ஒருவரை நிறுத்திப் போனைக் கொடுத்தார். நாங்கள் நால்வரும் நெருங்கி நின்றோம். அந்தப் படம் இப்போது எங்கள் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, எந்த வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்தது என்று கேட்கிறார்கள்.